மிதவைச் செருப்பு

கடலூர் ஓ.டி. துறைமுகத்தில்
இறால் உரிக்கிற கொட்டகையில் எனக்கு வேலை.
தரை முழுக்க ஐஸ் உருகிய தண்ணீர்.
கம்பூட்ஸ் ஓட்டையாகி ரெண்டு வருஷம்.
சூப்பர்வைசரைக் கேட்டால்
"பொங்கலுக்குப் பாக்கலாம்" என்பார்,
எந்தப் பொங்கல் என்று சொல்லமாட்டார்.

கடலூரில் யாருக்குக் குளிரும்?
எனக்குக் குளிரும்,
முழங்காலுக்குக் கீழே, சித்திரையிலும்.
தூக்கத்தில் என் பாதம் பட்டுவிட்டால்
இஞ்ஞாசி பதறி எழுவான்,
பாய்க்குள் வஞ்சிரம் புகுந்துவிட்டது போல.

நவம்பரில் அவன் வலைக்கூடையில்
சிவப்பு நூல் கிடந்தது.
எந்த வலைக்குச் சிவப்பு நூல் என்றேன்.
"கணவாய்க்கு."
கல்யாணமாகிப் பதினோரு வருஷம்,
இன்னும் பொய் சொல்ல வரவில்லை இவனுக்கு.

பாண்டிச்சேரி ஞாயிறு சந்தையில்
யாரோ போட்டுக் கழித்த ஸ்வெட்டர்,
நூற்றிருபது ரூபாய்,
மார்பில் ஒரு வெள்ளை மான்.
புயல் கொடி ஏறிப் படகெல்லாம் கரையில் கிடந்த வாரம்
கொம்பில் தொடங்கி
மானைப் பிரித்துப் பந்தாகச் சுற்றியிருக்கிறான்.
தெரிந்தது வலைமுடிச்சு மட்டும்.
முதலில் பின்னியதைப் பிற்பாடு காட்டினான்,
நெத்திலி கூட நிற்காது அதில்.
அப்புறம் போனில் ஒரு ரஷ்யாக்காரி.
சத்தத்தை அணைத்துவிட்டு
அவள் விரல்களை மட்டும் பார்த்து
பின்னுவதும் பிரிப்பதுமாக டிசம்பர் போனது.

பூசை முடிந்து வீடு சேர மணி ரெண்டரை.
தூறல். வாசல் நட்சத்திரம் நனைந்து
ஒரு முனை தொங்கிக்கொண்டிருந்தது.
"உக்காரு" என்றான்.
உட்கார்ந்தேன். அவன் தரையில் மண்டியிட்டான்.

எங்கள் கோயிலில் பெரிய வியாழனன்று
சாமியார் கழுவுகிற கால் பன்னிரண்டு ஜோடியும்
ஆண்பிள்ளைக் கால்.
எட்டி நின்று பார்த்துத்தான் எனக்குப் பழக்கம்.
புடவையை இழுத்து விட்டுக்கொண்டேன்.
அவன் விலக்கினான்.

சிவப்புக் காலுறை.
குதிகாலில் ஒரு திட்டு வெள்ளை,
கொம்போ வாலோ.
"சுண்டுவிரல் இறுக்குதா?"
"இல்ல."
"இப்ப?"
"இல்ல."
"எந்த விரலப் புடிச்சிருக்கேன், சொல்லு."
"சுண்டுவிரல்" என்றேன், குத்துமதிப்பாக.

அவன் ரெண்டு கையும்
அப்போது தரையில் ஊன்றியிருந்தன.

கழற்றினான்.
ஒவ்வொரு விரலாகத் தொட்டுத் தொட்டுக் கேட்டான்.
பரீட்சையில் பெயிலாகிற பிள்ளை மாதிரி
பக்கத்தில் குடிலின் வைக்கோலைப் பார்த்துக்கொண்டே
பதில் சொன்னேன்.
எத்தனை நாளா என்று அவன் கேட்கவில்லை.
மறுபடி மாட்டிவிட்டு
கட்டிலடியிலிருந்து செருப்பை எடுத்தான்.
மேலே கோணிச்சாக்கு, உள்ளே மிச்சக் கம்பளி,
அடியில் சீவித் தேய்த்த வலை மிதவை.
"தரைச் சில்லு ஏறாது.
தண்ணில போட்டாலும் முழுகாது" என்றான்,
சொன்னபின் வாயை மூடிக்கொண்டான்.
மறுநாள் இருபத்தாறு.
எங்கள் தெருவில் அந்த நாளைத்
தேதி சொல்லிப் பேசுவதில்லை,
மெழுகுவத்தி மட்டும் வாங்குவோம்.

விடிந்ததும்
நேற்றுக் கல்கல் கொடுத்தனுப்பிய தூக்கைத் திருப்ப
நாகவல்லி வந்தாள்.
தன் செருப்பை வாசலில் உதறிவிட்டு
என் காலைப் பார்த்தாள்.
"ஐயே, வூட்டுக்குள்ளயா மதலேன்?"
"மிதவைக்கா இது" என்றேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
குனிந்து பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள்,
எழுந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"எனக்கு ஒரு ஜோடி கெடைக்குமா?"

கொல்லையில் இஞ்ஞாசி
பூசைக்குப் போட்ட சட்டையோடு
என் கம்பூட்ஸில் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்து
ஒழுகுகிற இடத்தை விரலால் தேடிக்கொண்டிருந்தான்.
பக்கத்தில் சைக்கிள் பஞ்சர் பசை.
"மூணு" என்றான், திரும்பாமல்.
ஓட்டையைச் சொன்னானா விரலைச் சொன்னானா
நான் கேட்கவில்லை.
"நாளைக்கு ஜிப்மர்ல ஓபி உண்டா?" என்றான்.